இடம் மாறிய புகை

நுழையும்முன்

எரிதல், மாந்தர் அறிந்த மிகத் தொன்மையான வேதிவினைகளுள் ஒன்று. அடுப்பு முதல் அனல்மின் நிலையம் வரை அதன் பயன் விரிந்துள்ளது. ஆனால், எரிந்த பொருள் எங்குச் செல்கிறது, யாரைச் சென்று சேர்கிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சென்னையின் மேற்குப் புறநகர்களை முன்னிறுத்தி அவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

புகை எங்கே?

காலை ஏழு மணி. ஆவடித் தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடை நிரம்பியுள்ளது. அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குச் செல்லும் தொழிலாளர், கல்லூரிக்குச் செல்லும் மாணவர், பூக்கூடை ஏந்திய பெண்கள் எனப் பலரும் காத்திருக்கின்றனர். மின்தொடர்வண்டி வந்து நிற்கிறது. அது புகை கக்குவதில்லை, கரித்தூளை இறைப்பதில்லை. வெள்ளைச் சட்டையோடு ஏறியவர் வெள்ளைச் சட்டையோடே சென்னை சென்ட்ரலில் இறங்குகிறார்.

இவ்வழித்தடம் பழமையானது. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, இப்பகுதியைக் கடந்தே வாலாஜா சாலையைச் சென்றடைந்தது. அன்று வண்டியை இழுத்தது நீராவி எஞ்சின். எரிபொருள் எரிந்ததும் புகை எழுந்ததும் பயணியின் கண்முன்னே நிகழ்ந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எரிதலும் வண்டியோடு சேர்ந்தே பயணம் செய்தது. 1970களின் இறுதியில் இத்தடம் மின்மயமானபோது புகை கண்ணைவிட்டு மறைந்தது.

கண்ணைவிட்டு மறைந்த புகை, காற்றைவிட்டும் மறைந்ததா? மறையவில்லை என்பதே உண்மை. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. பல இடங்களில் பிறந்த மின்சாரம் மின்வலைப் பின்னலில் ஒன்றாகக் கலந்து, ஆவடியின் தொடர்வண்டிக்கும் அம்பத்தூரின் இயந்திரங்களுக்கும் பூவிருந்தவல்லியின் வீடுகளுக்கும் வந்து சேர்கிறது. ஆவடியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், வடகிழக்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. ஓரிடத்தில் எரிப்பதை நிறுத்தி, வேறோரிடத்தில் எரிக்கத் தொடங்கியதையே தூய்மை என்று நகரம் எண்ணிக்கொள்கிறது. புகையை இடம் மாற்றுவது வேறு. புகையைக் குறைப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராத வளர்ச்சி, ஒருவர் வீட்டுக் குப்பையை மற்றொருவர் வாயிலில் கொட்டும் செயலை ஒத்தது.

எரிதல் அழிதல் அன்று

விறகு எரிந்தபின் எஞ்சுவது ஒரு பிடிச் சாம்பல்; பெட்ரோல் எரிந்தபின் எதுவும் எஞ்சுவதில்லை. எனவே, எரிந்த பொருள் அழிந்துவிட்டது என்றே கண்ணுக்குத் தோன்றும். இத்தோற்றம் பிழையானது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வேதியியலறிஞர் இலவாசியே தராசின் துணைகொண்டு தெளிவுபடுத்தினார். எரிதல் என்பது ஒரு பொருள் ஆக்சிஜனோடு இணையும் வினையே ஆகும். வினைக்கு முன்னிருந்த நிறையும் வினைக்குப் பின்னிருக்கும் நிறையும் சமமானவை.

நிலக்கரியின் முதன்மைக் கூறு கார்பன். 12 கிராம் கார்பன் முழுமையாக எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. பெட்ரோலும் டீசலும் கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ரோகார்பன்களின் கலவைகள். அவை எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியாகின்றன.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்து வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் எடையோ ஏறத்தாழ 2.3 கிலோ. எரிந்த பொருளைவிட எழுந்த வளி மும்மடங்கு எடையுடையதாக இருப்பது வியப்பளிக்கலாம். கூடுதலாகச் சேர்ந்த எடை, வழியெங்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட ஆக்சிஜனின் எடையாகும். ஐந்து லிட்டர் பெட்ரோல் நிரப்பிய ஓர் இருசக்கர வாகனம், அது தீர்ந்து மீண்டும் எரிபொருள் நிலையத்திற்கு வருவதற்குள் பதினொரு கிலோவுக்கும் மேற்பட்ட வளியைக் காற்றில் விட்டிருக்கும். அவ்வளி கல்லாகவோ மண்ணாகவோ இருந்திருப்பின், அது சென்னையின் சாலைகளில் எல்லார் கண்ணிலும் படும்படி படிந்து கிடந்திருக்கும். நிறமும் மணமும் அற்றதாக அது இருப்பதனாலேயே அதன் கணக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை.

விறகை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடுதானே வெளியாகிறது என்று கேட்கலாம். மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பனையே விறகு திருப்பித் தருகிறது. வெட்டிய இடத்தில் மற்றொரு மரம் வளருமானால், சில பத்தாண்டுகளில் அக்கணக்கு நேராகிவிடும். நிலக்கரியின் கதை வேறு. இந்தியாவின் நிலக்கரியில் பெரும்பகுதி இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த தாவரங்கள் மண்ணுள் புதைந்து உருவானதாகும். பெட்ரோலியம், பழங்கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம். நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியும் இவ்வகைப் புதையலே. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மண் சேர்த்துவைத்த கார்பன், இருநூறு ஆண்டுகளில் காற்றுக்கு ஏற்றப்படுகிறது. அதே வேகத்தில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழி இயற்கையிடம் இல்லை.

சாலையில் நிகழும் எரிதல்

ஏட்டில் எழுதப்படும் வேதிச் சமன்பாடு தூய்மையானது. அதில் எரிபொருளும் ஆக்சிஜனும் வேண்டிய அளவில் சேர்கின்றன. கார்பன் டை ஆக்சைடும் நீரும் மட்டுமே விளைகின்றன. பாடி சந்திப்பிலும், சி.டி.எச். சாலையிலும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் நிகழும் எரிதல் அவ்வாறானதன்று. நின்று நின்று நகரும் சரக்குந்துகளின் எஞ்சின்களில் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை.

ஆக்சிஜன் போதாதபோது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட ஈர்ப்புடன் இது பிணைகிறது. அதனால், மூச்சு இழுத்தும் உடலுக்கு உயிர்வளி கிட்டாத நிலை ஏற்படுகிறது. எரியாது எஞ்சிய கார்பன், கரும்புகைத் துகள்களாக வெளியேறுகிறது. இவற்றுள் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உடையவை பி.எம். 2.5 எனப்படுகின்றன. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள்களை மூக்கின் மயிர்க்கால்கள் தடுப்பதில்லை. அவை நுரையீரலின் ஆழம்வரை சென்று, குருதியிலும் கலந்து, இதய நோய்க்கும் பக்கவாதத்திற்கும் வழிவகுக்கின்றன.

காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரஜன் இயல்பாக வினைபுரியாதது. எஞ்சினின் கடும் வெப்பத்தில் அதுவும் ஆக்சிஜனோடு இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. சென்னையின் வெயிலில் இவை எரியாத ஹைட்ரோகார்பன்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனை உருவாக்குகின்றன. வானின் உயரத்தில் புறஊதாக் கதிர்களைத் தடுத்துக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகிறது.

பி.எம். 2.5 துகள்களின் ஆண்டுச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009இல் இந்தியா வகுத்த வரையறை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராம். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைத் தம் நுரையீரலால் கடப்பவர்கள் யாவர்? கண்ணாடி ஏற்றிய மகிழுந்தில் செல்பவரைவிட, சாலையோரத்தில் இட்லி விற்பவரும், ஆட்டோ ஓட்டுநரும், சந்திப்பின் நடுவே நாள் முழுதும் நிற்கும் போக்குவரத்துக் காவலரும் அதிகம் சுவாசிக்கின்றனர். எரிப்பவர் ஒருவர், சுவாசிப்பவர் மற்றொருவர் என்னும் நிலை சாலையிலேயே தொடங்கிவிடுகிறது.

எனினும், இந்நிலை மாற்றவியலாத விதியன்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம், ஒவ்வொரு வாகனத்திலிருந்தும் வெளியேறியது. 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது. எரிபொருளில் உள்ள கந்தகத்தின் அளவும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு விதிகளின்படி, பத்து இலட்சம் பங்கு எரிபொருளில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருத்தலாகாது. அறிவியல் சுட்டிக்காட்ட, சட்டம் பின்தொடர்ந்தபோது காற்றில் கலந்த நஞ்சின் ஒரு பகுதி குறைந்தது. இது சிறிய வெற்றியன்று.

மின்வெட்டு உணர்த்திய பாடம்

சென்னையின் மேற்குப் புறநகர் உழைப்பால் வளர்ந்த நிலம். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளை உருவாக்கியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, சிறுதொழில்களின் பெருங்களமாக விரிந்தது. கடைசல் இயந்திரமும் வார்ப்பு அச்சும் கொண்ட சிறு பட்டறைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டன.

2008ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை தலைதூக்கியது. அடுத்த சில ஆண்டுகள் தொழிற்பேட்டைகளுக்கு இருண்ட காலமாயின. இயந்திரம் நின்றால் கூலி நிற்கும் என்பதால் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டர்களை நாடின. சுவருக்கு அப்பால் உறுமும் எஞ்சின், தெருவெங்கும் டீசல் நெடி, மின்வாரியக் கட்டணத்தைவிடப் பன்மடங்கு செலவு ஆகியவை அன்றாட நிகழ்வுகளாயின.

மின்சாரம் நின்ற அந்நாள்களில், தொலைவில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு வீட்டு வாயிலுக்குத் திரும்பியது. ஒவ்வொரு யூனிட் மின்சாரத்திற்குப் பின்னும் எங்கோ ஒரு நெருப்பு எரிகிறது என்பதை அந்தப் புகை உணர்த்தியது. மின்வெட்டு நீங்கியதும் ஜெனரேட்டர்கள் ஓய்ந்தன, அப்பாடமும் மறக்கப்பட்டது.

எண்ணூரின் சாம்பல்

மறக்கப்பட்ட அந்நெருப்பு எண்ணூரைச் சூழ்ந்த நிலப்பரப்பில் எரிகிறது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1990களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்து, பின்னர் விரிவுபெற்றது. அதனருகே வல்லூரில் 1500 மெகாவாட் திறனுடைய மற்றொரு நிலையம் அமைந்தது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. ஆனால் சாம்பல் மிகுதி. எரிக்கப்படும் நிலக்கரியின் எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலாக எஞ்சுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைப் பெற ஏறத்தாழ அறுநூறு முதல் எழுநூறு கிராம் நிலக்கரியை எரிக்க வேண்டியுள்ளது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எளிய குடும்பங்களுக்கு அது பெரும் உதவி. அந்த 100 யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வந்ததாகக் கொண்டால், அதன்பொருட்டு அறுபது கிலோவுக்கும் மேற்பட்ட நிலக்கரி எரிகிறது. இருபது கிலோ அளவுக்குச் சாம்பல் எஞ்சுகிறது. கட்டணச் சீட்டில் பூச்சியம் என்று அச்சிடப்பட்ட அந்த மின்சாரத்திற்கு, வேறொருவர் வேறொரு வகையில் விலை தருகிறார்.

சாம்பலின் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் செல்கிறது. எஞ்சியது நீரோடு குழம்பாக்கப்பட்டுக் குழாய்கள் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்பப்படுகிறது. அத்தகைய குளம் ஒன்றின் அருகேதான் செப்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. குழாய்களில் கசிவு ஏற்பட்டபோது சாம்பல் குழம்பு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கும் மக்களுக்குச் சாம்பல் படிந்த சேறு வாழ்வாதார இழப்பாயிற்று. இச்சிக்கல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

கொசஸ்தலை ஆறு மேற்கிலிருந்து வருவது. ஆவடிக்கு மேற்கே, பூண்டியில் 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் இவ்வாற்றின் நீரையே தேக்கிச் சென்னைக்குக் குடிநீராகத் தருகிறது. ஆற்றின் மேற்பகுதி நகருக்குத் தண்ணீர் அளிக்கிறது. அதன் கடைப்பகுதியோ நகருக்காக எரிந்த நிலக்கரியின் சாம்பலைச் சுமக்கிறது. இந்நீதி எவ்வகையில் நேரியது?

மறுப்பும் மறுமொழியும்

இவ்வாதத்திற்கு மறுப்புகள் உண்டு. அவற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது.

ஆயிரம் ஜெனரேட்டர்கள் ஆயிரம் தெருக்களில் புகைவதைவிட, ஒரே புகைபோக்கியில் புகைவது மேலன்றோ என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உள்ளது. ஆயிரம் எஞ்சின்களைக் கண்காணித்தல் அரிது. ஒரு புகைபோக்கியைக் கண்காணித்தல் எளிது. மேலும், பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் கால்பங்கு அளவையே சக்கரத்திற்குத் தருகிறது. மின்மோட்டாரோ தான் பெறும் மின்னாற்றலில் பெரும்பகுதியை இயக்கமாக மாற்றுகிறது. எனவே, மின்தொடர்வண்டியும் மின்பேருந்தும் வேண்டாதவை என்று எவரும் கூறவியலாது.

ஆயினும், ஓரிடத்தில் கட்டுப்படுத்துவது எளிது என்னும் நன்மை, உண்மையாகவே கட்டுப்படுத்தினால் மட்டுமே கிட்டும். நிலைமின் வீழ்படிவாக்கிகள் புகையிலுள்ள துகள்களுக்கு மின்னூட்டம் அளித்துத் தகடுகளில் படியவைக்கின்றன. சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளித்தால் கந்தக டை ஆக்சைடு அதனோடு வினைபுரிந்து ஜிப்சமாகிறது. அவ்வாறு நீக்கப்படாத கந்தக டை ஆக்சைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகவும் நுண்துகள்களாகவும் மாறுகிறது. நீக்கும் வழி அறிவியலுக்குத் தெரியாததன்று. 2015 டிசம்பரில் நடுவண் அரசு அனல்மின் நிலையங்களுக்குப் புதிய உமிழ்வு வரையறைகளை அறிவித்து, இரண்டாண்டுக் காலம் அளித்தது. அதன்பின் காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. வாகன எரிபொருளில் கந்தகத்தைக் குறைக்க முடிந்த நாட்டில், புகைபோக்கியின் கந்தகம் மட்டும் ஏன் காத்திருக்கிறது? வாகனப் புகை நகரத்தாரின் மூக்கில் ஏறியது. அதற்குக் குரல் எழுந்தது. அனல்மின் நிலையத்தின் புகையும் சாம்பலும் பெரும்பாலும் மீனவச் சிற்றூர்களைச் சேர்கின்றன. அவர்களின் குரலுக்கு அத்துணை வலிமை வாய்க்கவில்லை.

மின்சாரமின்றி வேலையில்லை, வேலையின்றி வாழ்வில்லை என்பது இரண்டாம் மறுப்பு. அம்பத்தூரின் பட்டறைத் தொழிலாளர் இதனை எவரினும் நன்கறிவர். எனவே, மின்சாரம் வேண்டுமா என்பது வினாவாகாது. எதிலிருந்து பெற்ற மின்சாரம் என்பதே வினாவாகும்.

வானம் மறப்பதில்லை

துகளையும் கந்தகத்தையும் வடிகட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. எரிதலின் முதன்மை விளைபொருளான கார்பன் டை ஆக்சைடு அப்போதும் வெளியேறும்.

இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்ட அதே 1856ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்னும் பெண்மணியின் ஆய்வு அறிஞர் அவையொன்றில் வாசிக்கப்பட்டது. கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வளிகளை நிரப்பி வெயிலில் வைத்த அவர், கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய குழாய் மிகுதியாகச் சூடேறியதையும், அது ஆறுவதற்கு நெடுநேரம் ஆனதையும் கண்டார். அவ்வளி மிகுந்தால் புவியின் வெப்பம் உயரும் என்றும் கருதினார். 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ், அவ்வெப்ப உயர்வைக் கணக்கிட்டுக் காட்டினார். தென்னிந்தியாவில் தொடர்வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டிலேயே அதன் புகை குறித்த எச்சரிக்கையும் பிறந்துவிட்டது. அதைக் கேட்பதற்கு உலகம் எடுத்துக்கொண்ட காலம்தான் நீண்டது.

தொழிற்புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. சாலைப்புகை மழையில் கரையும், காற்றில் கலையும். கார்பன் டை ஆக்சைடின் கணிசமான பகுதியோ நூற்றாண்டுகள் வானில் தங்கும். அதன் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை மிகுகிறது. கடல் சூடேறியபோது மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறின.

வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை உயர்ந்தால், காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கனமழை மேலும் கனமாகும் வாய்ப்பு மிகுகிறது. 2015இல் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி அடையாற்றில் பெருகிய வெள்ளத்தைப் புவி வெப்பமாதல் ஒன்றின் விளைவு என்று கூறிவிடுதல் அறிவியலாகாது. நீர்நிலைகளின் ஆக்கிரமிப்பும் நகரமைப்பின் குறைகளும் அதில் பங்கு வகித்தன. ஆனால், வடிகாலைச் சுருக்கிக்கொண்டே வானத்தையும் சூடாக்கும் நகரம், அடுத்த பெருமழையை எவ்வாறு எதிர்கொள்ளும் என்று கேட்பது அறிவியலின் கடமையே ஆகும்.

செய்யத்தக்கன

தீர்வு மூன்று படிகளைக் கொண்டது. மூன்றும் ஒருங்கே நிகழ வேண்டும்.

எரியும் இடத்தில் விதியைப் பேணுதல் முதற்படி. நிலக்கரி எரியும்வரை அதன் துகளும் கந்தகமும் சாம்பலும் கட்டுக்குள் இருத்தல் வேண்டும். சாம்பல் படிந்த கழிமுகத்தைச் சீரமைத்தல், அம்மின்சாரத்தைப் பயன்படுத்திய நகரத்தின் கடன். அது எண்ணூருக்கு அளிக்கும் சலுகையன்று.

எரிக்காமலே மின்சாரம் பெறுதல் இரண்டாம் படி. இதில் தமிழ்நாட்டுக்கு இயற்கை வளம் வாய்த்துள்ளது. முப்பந்தலில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்னாற்றல் நிலையம் அமைந்தது. காற்று ஆண்டு முழுதும் ஒரே சீராக வீசுவதில்லை. கதிரவன் இரவில் ஒளிர்வதில்லை. மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் அமைப்புகள் பெருகினால்தான் இக்குறை நீங்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கூரைகள் நாள் முழுதும் வெயிலில் காய்கின்றன. அவ்வெயிலின் ஒரு பகுதியேனும் கீழே சுழலும் இயந்திரத்திற்கு உதவினால், அத்திப்பட்டில் எரியும் நிலக்கரி அந்த அளவிற்குக் குறையும்.

தேவையற்ற எரிதலைத் தவிர்த்தல் மூன்றாம் படி. கலங்கரை விளக்கத்தையும் பூவிருந்தவல்லியையும் இணைக்கும் மெட்ரோ வழித்தடமும், 2025இல் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தள மின்பேருந்துகளும் நல்ல தொடக்கங்கள். நூறு பேர் ஒரு வண்டியில் செல்வது, நூறு பேர் நூறு வண்டிகளில் செல்வதைவிட மேலானது என்பதற்கு நெடிய கணக்கு வேண்டியதில்லை. ஆனால், நிலையத்திலிருந்து வீடு செல்லும் இறுதி இரண்டு கிலோமீட்டருக்கு நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் இல்லாவிடில், மக்கள் மீண்டும் பெட்ரோலையே நாடுவர். அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் மாநிலம் இது. மிதிவண்டியைத் தந்த அரசு, அதனை அச்சமின்றி ஓட்டுவதற்குரிய சாலையையும் தந்தால்தான் அத்திட்டம் நிறைவுபெறும். மிதிவண்டிகளை உருவாக்கிப் புகழ்பெற்ற அம்பத்தூரின் சாலைகளில், மிதிவண்டி ஓட்டுபவர் உயிருக்கு அஞ்சி ஓரம் ஒதுங்கும் நிலை மாற வேண்டும்.

நிறைவாக

எரிந்த பொருள் அழிவதில்லை. அது வேறொரு வடிவில், வேறொரு முகவரிக்குச் செல்கிறது. அந்த முகவரி சில வேளைகளில் சந்திப்பில் நிற்கும் காவலரின் நுரையீரல். சில வேளைகளில் எண்ணூர் மீனவரின் வலை. இறுதியில் அனைவர்க்கும் பொதுவான வானம். தூய்மை என்பது தன் வீதியில் புகை இல்லாதிருப்பது மட்டுமன்று. தன்பொருட்டு எவர் வீதியிலும் புகை எழாதிருப்பதாகும்.

ஆவடி நிலையத்தில் மாலை வண்டி வந்து நிற்கிறது. இறங்கியவர்கள் வீடு நோக்கி நடக்கின்றனர். அவர்கள் சட்டையில் கரி இல்லை. வடகிழக்கே கழிமுகத்துச் சேற்றில் நின்று இறாலைத் தேடும் கைகளிலும் சாம்பல் ஒட்டாத நாளே, அவ்வண்டி மெய்யாகவே புகையின்றி ஓடத் தொடங்கிய நாளாகும்.